பழைய ராணுவ ரைஃபிள்: வாங்கலாமா, வெட்டலாமா? லீ-என்ஃபீல்டை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீ-என்ஃபீல்ட் என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. துப்பாக்கியைத் தெரியும். வங்கி வாசலிலும் கருவூலத்திலும் போலீஸ்காரர் தோளில் தொங்கிய, முனை மழுங்கிய, மரம் முழுக்கப் போர்த்திய அந்த ‘த்ரீ நாட் த்ரீ’தான் அது. அதே துப்பாக்கி அமெரிக்காவில் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் பொருள். அங்கே குடியேறிய தமிழர்கள் சிலருக்கும் இந்த ஆர்வம் உண்டு. புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்கச் சூழலுக்கானவை. இந்தியச் சட்டம் வேறு. அதையும் ஒரு கேள்வியில் தொட்டிருக்கிறேன்.

சர்ப்ளஸ் ரைஃபிள் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு நாட்டு ராணுவம் பயன்படுத்திவிட்டு, தேவை முடிந்ததும் கிடங்கிலிருந்து கழித்து விற்ற துப்பாக்கி. ராணுவத் துப்பாக்கியைப் பார்த்து இன்று யாரோ புதிதாகச் செய்த நகல் இதில் சேராது. லீ-என்ஃபீல்ட், ஜெர்மனியின் மவுசர் 98கே, ரஷ்யாவின் மோசின்-நகாந்த், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903, எம்1 கரான்ட் ஆகியவைதான் அதிகம் பேசப்படுபவை.

இவ்வளவு துப்பாக்கிகள் அமெரிக்காவுக்கு எப்படி வந்தன?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பாவின் கிடங்குகளில் லட்சக்கணக்கில் போல்ட் ரைஃபிள்கள் (ஒவ்வொரு முறை சுட்டதும் ‘போல்ட்’ என்ற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டியவை) குவிந்து கிடந்தன. ராணுவங்கள் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு மாறிக்கொண்டிருந்ததால் பழையவற்றைக் கிலோ கணக்கில் தள்ளிவிடவும் தயாராக இருந்தன. சாமுவேல் கம்மிங்ஸ் என்ற அமெரிக்க வணிகர் இதில் பெரும்புள்ளி. அவருடைய இன்டர்ஆர்ம்ஸ் நிறுவனத்துக்கு வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவில், பொடோமாக் ஆற்றங்கரையில் கிடங்குகள் இருந்தன. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால் ரைஃபிள் தபாலில் வீடு வந்துவிடும்.

அந்தக் காலத்தை முடித்தது 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதற்குப் பின்னணியில் இருந்ததும் ஒரு சர்ப்ளஸ் ரைஃபிள்தான். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியைக் கொல்ல ஓஸ்வால்ட் பயன்படுத்திய இத்தாலியக் கார்கானோ, 1963-இல் சிகாகோ கடை ஒன்றிலிருந்து தபாலில் வரவழைத்தது. ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து விலை 19.95 டாலர். புதிய சட்டம் தபால் விற்பனையோடு சர்ப்ளஸ் இறக்குமதியையும் நிறுத்தியது. 1980-களில் சேகரிப்புத் தகுதி உள்ளவற்றுக்கு மட்டும் கதவு திரும்பவும் திறந்தது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு மோசின்கள் மரப்பெட்டி மரப்பெட்டியாக இறங்கின. 2000-களில்கூட நூறு டாலருக்குக் கீழே ஒன்று வாங்கிவிடலாம். இன்று அந்த விலைக்கு வாய்ப்பே இல்லை.

நல்ல துப்பாக்கிகளை அன்று ஏன் அறுத்துத் தள்ளினார்கள்?

மலிவாகக் கிடைத்ததுதான் காரணம். 1950-களில் கடையில் ஒரு புதிய வேட்டை ரைஃபிள் வாங்குவது சாதாரணத் தொழிலாளிக்குச் சின்னச் செலவு அல்ல. ராணுவ ரைஃபிளோ சில வார மிச்சப் பணத்தில் கிடைத்தது. ஆனால் அது கனம். குழலின் மேலும் கீழும் மரம். ஸ்கோப் மாட்ட இடமில்லை. அதனால் முன்கட்டையைப் பாதியில் அறுத்து, மேல்மரத்தைக் கழற்றி எறிந்து, குழலைக் குட்டையாக்கி, ரிசீவரில், அதாவது போல்ட் ஓடும் நடு இரும்புக் கூட்டில், துளையிட்டு ஸ்கோப் மாட்டினார்கள். மான் வேட்டைக்கு ஏற்ற துப்பாக்கி தயார். இப்படி மாற்றியதை ‘ஸ்போர்ட்டர்’ என்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தத் துப்பாக்கிகள் பல வீடுகளில் இறைச்சி கொண்டுவந்து சேர்த்தன. உலகத்தில் இது தீரவே தீராது என்று எல்லோரும் நினைத்த காலம் அது.

அப்படியானால் நான் இன்று வாங்கும் ரைஃபிளையும் என் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாமா?

அசல் நிலையில் இருந்தால், கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

என் பொருள், என் விருப்பம் என்று சொல்வதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1950-களில் இருந்த காரணம் இன்று இல்லை. இன்று ஒரு புதிய, ஸ்கோப்புக்குத் தயாராகத் துளையிட்ட, லேசான வேட்டை ரைஃபிள் நல்ல நிலையில் உள்ள நம்பர் 4 லீ-என்ஃபீல்டைவிட (இரண்டாம் உலகப் போர்க் கால ரகம்) மலிவாகக் கிடைக்கிறது. பழைய ரைஃபிளை வாங்கி, தொழில் தெரிந்தவருக்குக் கூலி கொடுத்து, ஸ்கோப் தாங்கி வாங்கி மாட்டி முடிக்கும்போது புதியதைவிட அதிகம் செலவாகியிருக்கும். கையில் இருப்பது புதியதைவிட மோசமாகச் சுடும், விலை பாதியாகிப்போன ஒன்று.

பணத்தை விடுங்கள். ஒரு நம்பர் 4-ஐக் கையில் எடுத்து இடப்பக்கம் பாருங்கள். ரிசீவரின் பக்கச் சுவரில் ‘யு.எஸ். ப்ராப்பர்ட்டி’ என்று அடித்திருந்தால், அது மாசசூசெட்ஸின் சிக்கோபி ஃபால்ஸில், சாவேஜ் நிறுவனம், போரில் நட்பு நாடுகளுக்கு அமெரிக்கா ஆயுதம் தந்த கடன்-குத்தகைத் திட்டத்தில் பிரிட்டனுக்காகச் செய்தது. அமெரிக்க ராணுவம் அதை ஒருநாளும் ஏந்தியதில்லை. ஆனால் சொத்து முத்திரை அமெரிக்காவுடையது. பின்னால் அடிக்கட்டை (தோளில் பதிக்கும் மரம்) சேரும் இரும்புக் கழுத்தில் எண், அதே எண் போல்ட் கைப்பிடியின் பின்புறம், அதே எண் முன்கட்டையின் முனையில் மரத்தில். குழலில் சோதனைச் சாலைகளின் கிரீடக் குறிகள். ஒரு தொழிற்சாலை, ஒரு போர், ஒரு பழுதுபார்க்கும் பட்டறை, ஒரு இறக்குமதிக் கிடங்கு எல்லாம் இந்த இரண்டடி இடத்தில் பதிந்திருக்கின்றன. கோயில் கல்வெட்டைப் பெயிண்ட் அடித்து மறைப்பதும், இந்த மரத்தை அறுப்பதும் எனக்கு ஒரே காரியம்தான். முன்கட்டையை அறுத்தால் அதிலுள்ள எண் போனது போனதுதான்.

எல்லா மாற்றமும் தப்பா? ஸ்லிங் (தோள்வார்) மாட்டினால்கூடவா?

இல்லை. நாளைக்குக் கழற்றினால் தடம் தெரியாமல் பழைய நிலைக்கு வந்துவிடுமா என்று மட்டும் கேளுங்கள். வரும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஸ்லிங், அடிக்கட்டையில் இழுத்து மாட்டும் ரப்பர் உறை, துளையிடாமல் பின் சைட் (குறிபார்க்கும் பின்பாகம்) இருக்கும் இடத்திலேயே பொருந்தும் ஸ்கோப் தாங்கி எல்லாம் சரி. கழற்றிய அசல் பாகங்களை ஒரு பையில் போட்டு, எந்த ரைஃபிளுடையது என்று எழுதிவைக்க வேண்டும். பாகம் தொலைந்தால் அதுவும் திரும்பாத மாற்றமாகிவிடும்.

ரிசீவரில் துளையிடுவது, குழலை வெட்டுவது, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) வேறு தோட்டாவுக்குக் குடைவது, போல்ட் கைப்பிடியை வளைப்பது, முத்திரைகள் மேல் தேய்த்துப் புதுக் கறுப்புச் சாயம் ஏற்றுவது ஆகியவை திரும்பாதவை. அமெரிக்காவின் எம்1917 ரைஃபிளின் பின் சைட்டுக்கு இருபுறமும் காது மாதிரி இரும்புச் சுவர் நிற்கும். அன்று அதை அரைத்துத் தள்ளிய துப்பாக்கிகள் எண்ணற்றவை. அதை மறுபடி முளைக்க வைக்க முடியாது.

குழலை வெட்டுவதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. அமெரிக்காவில் ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால், 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். பதிவில்லாமல் வைத்திருந்தால் கடுங்குற்றம்.

ராணுவமே மாற்றியிருந்தால்?

அது வரலாறு. அதைக் ‘கெட்டுப்போனது’ என்று நினைக்கவே வேண்டாம். நம் ஊர் உதாரணம் ஒன்று உண்டு. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, பழைய .303 ரைஃபிள்களின் குழலைக் குடைந்து .410 ஒற்றைத் தோட்டா மஸ்கெட்டாக மாற்றியது. காவல் பணிக்கும் கலவரத்தை அடக்கவும் ஆனது. மேகசின் (தோட்டாப் பெட்டி) இடத்தில் மரக்கட்டை வைத்து அடைத்திருப்பார்கள். இன்னொன்று, குழல் முழுக்கச் செப்புக் கம்பி சுற்றி ஈயம் உருக்கி வைத்த ரைஃபிள். கையெறி குண்டை ஏவும்போது குழல் வெடித்தால் சிதறாமல் தாங்கவே அந்தக் கம்பி. அழுக்குப்போல இருக்கிறதே என்று கம்பியைப் பிரித்துவிட்டு விற்றவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இஷாப்பூர் துப்பாக்கி மட்டம் என்கிறார்களே?

இந்தப் பேச்சு எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. வேலைப்பாடு கரடுமுரடாக இருக்கும், மரம் கருத்திருக்கும், முன்கட்டையின் குறுக்கே, மேகசினுக்கு முன்னால் ஒரு திருகு தலை நீட்டும். அந்தத் திருகுக்குச் சேகரிப்பாளர்களிடையே ‘இஷாப்பூர் ஸ்க்ரூ’ என்றே பெயர். மரம் பிளக்காமல் இறுக்கிப் பிடிக்க இந்தியர்கள் சேர்த்தது. வெயிலிலும் மழையிலும் பல பத்தாண்டு உழைக்க வேண்டிய துப்பாக்கிக்கு அது அறிவான வேலை.

1962 சீனப் போருக்குப் பிறகு இதே தொழிற்சாலை பழைய லீ-என்ஃபீல்ட் வடிவத்தை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கென்று புதிய, உறுதியான உருக்கில் செய்தது. அதுதான் 2ஏ, 2ஏ1. பழைய .303 ரைஃபிளைக் குடைந்து செய்தது என்று சிலர் சொல்வது தவறு. சதுரமாகத் துருத்தும் 12 தோட்டா மேகசினை வைத்தே அடையாளம் காணலாம். 2ஏ-இன் பின் சைட்டில் 2000 வரை எண் இருக்கும், 2ஏ1-இல் 800-உடன் நின்றுவிடும். உலகில் கடைசியாக ராணுவத்துக்கென்று வடிவமைத்த போல்ட் ரைஃபிள்களில் ஒன்று இது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கொள்ளை மலிவாக விற்றதால் இதைத்தான் நிறையப் பேர் வெட்டினார்கள். வெட்டாத 2ஏ1 கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஏற்கனவே வெட்டிய ஸ்போர்ட்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. என்ன செய்வது?

மாற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு உகந்த இடம் இதுதான். முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள்: குழல் முழு நீளமா, ரிசீவரில் துளை உண்டா, போல்ட் எண் பொருந்துகிறதா. குழலும் ரிசீவரும் தப்பியிருந்து மரம் மட்டும் போயிருந்தால், மரம் தேடிப் பழைய உருவுக்குக் கொண்டுவரலாம். குழல் வெட்டி ரிசீவரும் துளையாகியிருந்தால், மனம் போல மாற்றிக்கொள்ளுங்கள். வரலாறு ஏற்கனவே போய்விட்டது. நல்ல வேட்டைத் துப்பாக்கியாகவாவது வாழட்டும்.

அதற்கு முன் யார் வெட்டியது என்றும் பாருங்கள். நியூயார்க்கின் கிரிஃபின் அண்ட் ஹோவ், பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் போன்றவர்கள் செய்த ஸ்போர்ட்டர்களுக்கென்றே தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு. எழுத்தாளர் ஹெமிங்வே ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோனது கிரிஃபின் அண்ட் ஹோவ் செய்து தந்த ஸ்பிரிங்ஃபீல்ட்தான். அப்படி ஒன்றை ‘மீட்கிறேன்’ என்று பழைய ராணுவ மரத்தில் சொருகுவதும் அழிப்புதான்.

மீட்பு வேலையை வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம், பொறுமை இருந்தால். பழைய எஸ்.எம்.எல்.இ., அதாவது நம்பர் 1 மார்க் 3 ரகத்தில் ஒரு பொறி இருக்கிறது. அடிக்கட்டையைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டின் முனை சதுரமாக இருக்கும். அது இரும்புக் கழுத்தைத் தாண்டி, முன்கட்டைக்குள் உள்ள ஒரு தகட்டில் போய் உட்காரும். முன்கட்டையைக் கழற்றாமல் பின்னாலிருந்து அந்தப் போல்ட்டைத் திருகினால் சதுர முனை தகட்டைத் திருப்பும். முன்கட்டை பின்பக்கம் சட்டென்று பிளக்கும். எப்போதும் முன்கட்டை முதலில், அடிக்கட்டை பிறகு. மாட்டும்போது வரிசை தலைகீழ்.

அடுத்தது, முன்கட்டை பின்முனையில் ரிசீவரோடு முட்டும் இரண்டு மரப்பரப்புகள். சுடும்போது பின்னுதைப்பை அவைதான் தாங்குகின்றன. வாங்கிய புது மரத்தை அப்படியே மாட்டினால் இங்கே இடைவெளி இருக்கும்; குறி நில்லாது, நாளடைவில் மரமும் விரியும். விளக்குக் கரி பூசிப் பொருத்தி, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து, சிறிது சிறிதாகச் சீவ வேண்டும். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை இந்த இடத்தில் செப்புத் தகடே வைத்தது. முனைப்பக்கம் குழலை மேல்நோக்கித் தாங்கும் குட்டி ஸ்பிரிங், உள்வளையம், அதன் திருகு ஆகியவையும் ஸ்போர்ட்டர்களில் காணாமல் போயிருக்கும். அவற்றை வாங்காமல் மீட்பு முடியாது.

மரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். முத்திரை மரத்தின் மேல்தோலில்தான் இருக்கிறது. கிடங்கில் பூசிய காஸ்மோலின் கிரீஸ் மரத்தில் ஊறியிருந்தால், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் வையுங்கள். வியர்ப்பதுபோல் வெளியே வரும், துடைத்தெடுக்கலாம். பிறகு ஆளிவிதை எண்ணெயைக் கையாலேயே மெல்லிசாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

அரிதானது என்று சொன்னாலே கொஞ்சம் பின்வாங்கி நின்று பாருங்கள். லீ-என்ஃபீல்டில் அதிகம் போலி செய்வது ‘ஜங்கிள் கார்பைன்’ எனப்படும் நம்பர் 5. சாதாரண நம்பர் 4-ஐக் குட்டையாக்கி, முனையில் புனல் மாதிரி ஒன்றை மாட்டி விற்றார்கள். உண்மையான நம்பர் 5-இல் எடையைக் குறைக்கக் குழலின் அடித்தடிப்பில் இரும்பைச் செதுக்கி எடுத்திருப்பார்கள். பின் சைட் 800 கெஜத்தோடு நிற்கும். மேல்மரத்தைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர்களுக்கான நம்பர் 4 ‘டி’ ரகத்தில், ஸ்கோப்பின் எண்ணை அடிக்கட்டையின் கழுத்தில் பொறித்திருப்பார்கள். எண்ணும் ஸ்கோப்பும் பொருந்தாவிட்டால் விலை வேறு. கைபர் கணவாய்ப் பக்கம் கைவேலையில் செய்த நகல்கள் இன்னொரு வகை. விக்டோரியா ராணியின் ‘வி.ஆர்.’ முத்திரை இருக்கும், ஆண்டு 1901-க்குப் பிந்தையதாக இருக்கும். ராணி 1901-லேயே இறந்துவிட்டார். எழுத்துக்கள் தலைகீழாகவோ தப்பாகவோ இருப்பதும் உண்டு. கைவினையாகச் சுவரில் மாட்டலாம். தோட்டா போட்டுச் சுடக்கூடாது. அந்த இரும்பை நம்ப முடியாது.

அசல் நிலையில் இருந்தால் சுடலாம்தானே?

அசல் நிலை வேறு, சுடத் தகுந்த நிலை வேறு. தொழில் தெரிந்தவர் சேம்பரையும் ஹெட்ஸ்பேஸையும் (சேம்பரில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள தூரம்) அளந்து சொல்லும்வரை சுடாதீர்கள். போல்ட் எண் பொருந்தாவிட்டால் இது கட்டாயம். ‘டி.பி.’ என்று குத்தியிருந்தால் அது பயிற்சி அணிவகுப்புக்கு ஒதுக்கியது, சுடவே கூடாது. ஸ்பிரிங்ஃபீல்ட் 1903-இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையின் 800,000-க்குக் கீழான எண்களும், ராக் ஐலண்ட் ஆலையின் 285,507-க்குக் கீழான எண்களும் உருக்கைப் பதப்படுத்தியதில் கோளாறு உள்ளவை. ரிசீவர் உடைந்து ஆட்கள் காயப்பட்டிருக்கிறார்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்துங்கள். 2ஏ1-க்கு 7.62 நேட்டோ ராணுவத் தோட்டாவே போதும். கடையில் கிடைக்கும் வீரியமான .308 வேட்டைத் தோட்டாவை அதில் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பழைய ராணுவத் தோட்டா சுட்டால், அன்றே குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். அந்த ப்ரைமர் (தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் மருந்து) விட்டுச்செல்லும் உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய்.

அமெரிக்காவில் தனி உரிமம் வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு மத்திய உரிமம் இருக்கிறது: மூன்றாண்டுக்கு 30 டாலர். 50 ஆண்டு கடந்த துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலிருந்தும் நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம். ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இதை வைத்து வியாபாரம் செய்யக்கூடாது. துப்பாக்கி அசல் வடிவில் இருந்தால்தான் இந்தச் சலுகை. வெட்டிய ஸ்போர்ட்டர், வயது எழுபது ஆனாலும் சாதாரணத் துப்பாக்கிக் கணக்கில்தான் வரும். மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், முதலில் அதைப் படியுங்கள்.

இந்தியாவில் ஒரு த்ரீ நாட் த்ரீ வாங்க முடியுமா?

சேகரிப்புக்காக என்று போய்க் கேட்டால் முடியாது. .303, 7.62 போன்றவை படைகள் பயன்படுத்தும் அளவுகள் என்பதால் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தம், உரிமம் உள்ள ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. படை அளவுகளுக்குத் தடை என்பதால்தான் இஷாப்பூர், லீ-என்ஃபீல்ட் இயக்கத்தையே வைத்து .315 என்ற வேறு அளவில் ஒரு வேட்டை ரைஃபிள் செய்து பொதுமக்களுக்கு விற்றது. பிறக்கும்போதே ஸ்போர்ட்டராகப் பிறந்த லீ-என்ஃபீல்ட் என்று அதைச் சொல்லலாம். பழுது பார்த்தாலும் சுட முடியாத, பழம்பொருள் மதிப்பு மட்டுமே உள்ள ஆயுதத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் தாத்தா வீட்டுப் பரணில் ஏதாவது கிடைத்தால் நீங்களே முடிவு கட்டாமல் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

உத்தரப் பிரதேசக் காவல்துறை தன் .303 ரைஃபிள்களுக்கு 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் விடைகொடுத்தது. கனடாவின் வடதுருவப் பகுதியில் ரேஞ்சர்கள் என்ற ராணுவ ரிசர்வ் படையினர் 2010-களின் இறுதிவரை நம்பர் 4-ஐத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள், கடுங்குளிரிலும் வேலை செய்ததால். இவ்வளவு அண்மைக்காலம் வரை உழைத்த துப்பாக்கி இது.

முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம். பிடித்திருந்தால் வாங்குங்கள்.

முதல் துப்பாக்கியாக எதை எடுப்பது?

வெட்டாத, எண்கள் பொருந்தும் ஒரு நம்பர் 4. இரண்டு மூன்று மலிவான ஸ்போர்ட்டர்களுக்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்துவைத்து இந்த ஒன்றை வாங்குங்கள். பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிட்ட அளவுகளில் வருவதால் ஹெட்ஸ்பேஸைச் சரிசெய்வதும் மற்றவற்றைவிட எளிது. கூடவே பூட்டுள்ள இரும்பு அலமாரிக்கும் பணம் ஒதுக்குங்கள். துப்பாக்கி ஓரிடம், தோட்டா ஓரிடம், இரண்டும் பூட்டில். அலமாரி வீட்டுக்கு வந்து சேராமல் துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டாம்.